சீலிங்குக்கு மேலே

மட்டக்களப்பிலிருந்து கல்முனை வீதியால் வருபவர்களுக்குக் காத்தான்குடி வந்துவிட்டதை இரண்டு விடயங்கள் சொல்லிவிடும். ஒன்று, வீதியின் நடுவே நிற்கும் பேரீச்ச மரங்கள். மற்றது, இருபுறமும் தோளோடு தோள் உரசி நிற்கும் கடைகள். கடலுக்கும் வாவிக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் எங்கள் ஊருக்கு வியாபாரம்தான் சோறு போடுகிறது. நோன்பு காலத்து இரவுகளில், தராவீஹ் முடிந்த பிறகு, புடவைக் கடைகளில் கால் வைக்க இடமிருக்காது. கண்ணாடிக்குப் பின்னால் உடுப்புகள் மின்னும். அந்த வெளிச்சத்தைப் பார்க்காதவர் எவருமில்லை. அது எந்த வழியால் வந்து சேர்கிறது என்று யோசித்தவர் மிகச் சிலரே.

அந்தச் சிலரில் என் வாப்பாவும் ஒருவர். கடைகள், அரிசி ஆலைகள், ஹோட்டல்கள் என்று வாவியின் இரு கரைகளிலும் வயரிங் வேலை செய்வதுதான் அவரது தொழில். ஊரில் அவருக்கு 'வயரிங் பாஸ்' என்று பெயர்.

எலக்ட்ரீஷியன் என்றால் பல்பு மாட்டுபவர், ஃபேன் பூட்டுபவர் என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் உள்ள தூரம் எனக்கு விளங்கியது, உயர்தரத்தில் பொறியியல் தொழினுட்பம் படிக்கத் தொடங்கி, வாப்பாவின் கொப்பிகளைப் புரட்டிப் பார்த்தபோதுதான். ஒரு கடைக்காரர் அழைத்தால் வாப்பா முதலில் எடுப்பது குறட்டை அல்ல, கொப்பியை. எத்தனை விளக்கு, எத்தனை ஏசி, எவை ஒரே நேரத்தில் ஓடும், அடுத்த வருடம் மேல்மாடி கட்டும் எண்ணம் உண்டா என்றெல்லாம் கேட்டு எழுதுவார். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்த பிறகே எந்த இணைப்புப் போதும் என்று சொல்வார்.

வீடுகளுக்குப் பெரும்பாலும் வருவது 230 வோல்ற்று ஒற்றைக் கட்ட மின்சாரம். 30 அம்பியர் இணைப்பில் ஏறக்குறைய 7 கிலோ வோல்ற்று அம்பியர்தான் எடுக்கலாம். பெரிய கடைக்கு அது காணாது. அங்கே 400 வோல்ற்று மூன்று கட்ட மின்சாரம் வேண்டும். கட்டத்துக்கு 60 அம்பியர் என்றால் 42 கிலோ வோல்ற்று அம்பியர் வரை போகலாம். மின்சாரக் கட்டணப் பட்டியலில் சாதாரணக் கடையையும் பெரிய பாவனையாளரையும் பிரிக்கும் கோடும் அந்த 42 தான். அதைத் தாண்டினால் எரித்த அலகுகளுக்கு மட்டுமல்ல, அந்த மாதத்தில் இழுத்த உச்ச அளவுக்கும் பணம் கட்ட வேண்டும். மூன்று கட்டங்களுக்கும் சுமையைச் சமமாகப் பங்கிடுவதும் வாப்பாவின் பொறுப்புத்தான். ஒன்றின் தலையில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு மற்ற இரண்டையும் சும்மா விட்டுவைக்க முடியாது.

அடுத்தது வயர். ஹாட்வெயார் கடையில் 'ஏழு சைபர் தசம் அறுபத்தேழு' என்று கேட்டு வாங்குவார்கள். அதன் பொருள், 0.67 மில்லிமீற்றர் விட்டமுள்ள 7 இழைகள், மொத்தம் 2.5 சதுர மில்லிமீற்றர் செம்பு. ஒவ்வொரு தடிப்புக்கும் தாங்கக்கூடிய அளவு ஒன்று உண்டு. நாம் பாடத்தில் படித்ததுதான்: மின்னோட்டம் இரு மடங்கானால் வயரில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும். பரீட்சைத் தாளில் அது இரண்டு புள்ளிக் கணக்கு. சீலிங்குக்கு மேலே, பலகைக்கும் தூசிக்கும் நடுவே ஓடும் வயருக்கு அதுதான் உயிர்க் கணக்கு.

இடத்துக்கு இடம் வேலையும் மாறும். ஏறாவூர்ப் பக்கத்து அரிசி ஆலைக்குப் போனால் பிரச்சினை மோட்டோர். நின்ற இடத்திலிருந்து புறப்படும்போது பெரிய மோட்டோர், ஓடும்போது எடுப்பதைவிட ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அதைத் தணிக்க 'ஸ்டார் டெல்ட்டா' ஸ்டார்ட்டர் பூட்டுவார்கள். மூன்று கட்டங்களில் ஒன்று அறுந்தாலும் மோட்டோர் இரண்டில் முனகிக்கொண்டு ஓடப் பார்த்துச் சுருள் கருகிவிடும். அப்படி நடக்குமுன் துண்டித்துவிட ஒரு ரிலே வேண்டும். வாழைச்சேனைத் துறைமுகப் பக்கம் ஐஸ் தொழிற்சாலை வேலை என்றால் எதிரி உப்புக் காற்று. ஆறு மாதத்தில் திருகாணி பச்சை பிடித்துவிடும். பச்சை பிடித்த இணைப்பில் தடை ஏறும். தடை ஏறினால் சூடு ஏறும். ஆகவே அங்கே வாப்பா செய்வது பெரும்பாலும் திறந்து, துடைத்து, இறுக்கி, மூடும் வேலை. பார்ப்பவருக்கு ஒன்றுமே செய்யாதது போலிருக்கும்.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்நாட்களில் கடைக்குக் கடை ஜெனரேட்டர் வாங்கினார்கள். அதோடு சேர்த்து 'சேஞ்ச் ஓவர்' சுவிட்ச் பூட்டச் சொன்னவர்கள் குறைவு. அது இல்லாமல் ஜெனரேட்டரைக் கடையின் வயரிங்கோடு நேரே தொடுத்துவிட்டால், மின்சாரம் கடையை மட்டும் வெளிச்சமாக்காது. மீற்றர் வழியே வெளியே போய் வீதிக் கம்பியிலும் ஏறும். கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருப்பவருக்கு அது எமன். "நமக்கு வெளிச்சம் வரணும் எண்டு இன்னொருத்தர்ர வீட்ட இருட்டாக்கலாமா?" என்று வாப்பா அப்போது ஒரு கடையில் கேட்டதாகச் சொல்வார்.

ஏர்த்தும் ட்ரிப் சுவிட்ச்சும் இதைப் போன்றவையே. நல்ல ட்ரிப் சுவிட்ச், 30 மில்லி அம்பியர் கசிந்தாலே கண் இமைக்குமுன் துண்டித்துவிடும். ஒரு மனித உடலைக் காப்பதற்கு வைத்த அளவு அது. ஆனால் ஏர்த் சரியாக இல்லாவிட்டால் பழுதான இயந்திரத்தின் உடம்பு மின்னோடு காத்திருக்கும். அதை முதலில் தொடுகிற கையால்தான் கசிவு தெரியவரும். எங்கள் ஊர் மணல், மேலே காய்ந்து கிடக்கும். காய்ந்த மணல் மின்சாரத்தை இலகுவில் வாங்கிக்கொள்ளாது. ஈரம் தட்டும் ஆழம்வரை செம்புக் கம்பியை இறக்கி, அளந்து பார்க்க வேண்டும். வயரின் காப்பையும் மெகர் கருவியால் 500 வோல்ற்றுக் கொடுத்துச் சோதிப்பார். ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டினால் அந்த வயரை விடமாட்டார்.

இவ்வளவும் கடைக்காரரின் கண்ணில் படாது. அதனால்தான் பேரம் எப்போதும் இவற்றின் மேல்தான் நடக்கும். முகப்பு விளக்குக்கு எத்தனை ஆயிரம் சொன்னாலும் "நல்லாப் போடுங்க பாஸ்" என்பார்கள். ஏர்த் கம்பியைப் பற்றிச் சொன்னால், "அது கட்டாயமா?" என்ற கேள்வி வரும். தெரிவதற்குப் பணம் இருக்கிறது, தெரியாததற்குத்தான் இல்லை.

இரண்டு வருடங்களுக்கு முன், பெருநாளுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது ஒரு புடவைக் கடை முதலாளி வாப்பாவை அழைத்தார். மேல்மாடியில் பெண்களுக்கான பகுதி. புதிதாக இரண்டு பெரிய ஏசி பூட்டியிருந்தார்கள். இரண்டையும் போட்டால் 20 அம்பியர் பிரேக்கர் விழுந்துகொண்டே இருந்தது. "40 அம்பியர் ஒண்டப் போட்டுத் தாங்க, விழாது" என்றார் முதலாளி.

வாப்பா பார்த்தபோது மேலே போன வயர் அந்த 7/0.67 தான். இரண்டு ஏசிக்கே 22 அம்பியர் அளவில் வரும்; விளக்குகள் வேறு. "ஹாஜியார், பிரேக்கர் விழுறது பழுதில்ல. அது வயரக் காப்பாத்துது. வயர மாத்தாம பிரேக்கர மட்டும் மாத்தித் தர எனக்கு ஏலாது" என்றிருக்கிறார். வயரை மாற்றுவதென்றால் புதிதாக அடித்த சீலிங்கை உடைக்க வேண்டும். பெருநாள் வியாபாரத்தின் நடுவில் எந்த முதலாளிதான் அதற்குச் சம்மதிப்பார்? அவருடைய நெருக்கடியும் பொய்யல்ல. வருடத்தின் பெரும்பகுதி வருமானம் அவருக்கு அந்த நாட்களில்தான்.

வாப்பா கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். உம்மா அன்றிரவு சற்றுக் கடுமையாகவே கேட்டார். "நீங்க செய்யாட்டி இன்னொருத்தர் செய்வாரு. காசுதான் நமக்கு இல்லாமப் போகும்." உம்மா சொன்னது அப்படியே நடந்தது. மறுநாளே வேறொருவர் வந்து அரை மணித்தியாலத்தில் பிரேக்கரை மாற்றிக் கொடுத்தார். எங்கள் வீட்டில் அந்தப் பெருநாளுக்குத் தம்பிக்கு மட்டும் புதுச் சட்டை. கடைக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஏசி ஓடியது, சனம் நிறைந்தது, பெருநாளும் வந்து போனது.

'ஒன்றும் நடக்கவில்லையே' என்ற சொல்தான் இந்தத் தொழிலின் பெரிய சோதனை. பிழையாகச் செய்த வேலையும் சரியாகச் செய்த வேலையும் முதல் நாளில் ஒன்று போலவே எரியும். வித்தியாசம் தெரிய எவ்வளவு காலம் எடுக்கும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. சில வேளை ஒரு பகற்பொழுதே போதும். டில்லியில் உபகார் என்றொரு திரையரங்கு இருந்தது. 1997 ஜூன் 13 காலை அதன் கீழ்த்தள வாகனத் தரிப்பிடத்திலிருந்த டிரான்ஸ்ஃபோமர் ஒன்றில் தீப்பற்றி, அவசரமாகத் திருத்தப்பட்டது. கேபிள் முனையை அதற்குரிய கருவியால் நெரித்துப் பொருத்தாமல் சுத்தியலால் தட்டி வைத்தார்கள் என்று பின்னர் நடந்த விசாரணைகளில் தெரியவந்தது. அன்று மாலை அந்த முனை கழன்றது. எண்ணெய் கசிந்து தீ வாகனங்களுக்குப் பரவ, புகை மாடிப்படி வழியே மேலே ஏறியது. மேல்தட்டில் படம் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு வெளியேற வழி அடைபட்டிருந்தது. 59 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது தீயல்ல, புகை.

இதைப் படித்த நாளில் எனக்கு அந்தப் புடவைக் கடையின் மேல்மாடிதான் நினைவுக்கு வந்தது. அங்கே போக ஒரேயொரு ஒடுங்கிய படிதான். அதிலும் பாதியை உடுப்புப் பெட்டிகள் அடைத்திருக்கும். அங்கே நின்று உடுப்பு விரித்துக் காட்டுபவர்கள் யார்? இந்தக் கல்லூரியில் எங்களுக்கு முன் படித்து வெளியேறிய பிள்ளைகள். என் மாமி மகளும் அவர்களில் ஒருத்தி.

அவளிடம் விடயத்தைச் சொன்னேன். அவள் சற்று யோசித்துவிட்டு, "பின்னேரத்தில மீன் மணம் மாதிரி ஒண்டு வரும். யாரோ சோத்துப் பாசல் கொண்டு வந்த எண்டு நினைச்சம்" என்றாள். வாப்பாவிடம் கேட்டேன். வாப்பா உண்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். சூடேறிய வயர் உறையும் பிளாஸ்ரிக் பாகங்களும் சில வேளை அப்படித்தான் மணக்குமாம்.

அதன் பிறகு நடந்ததில் எங்கள் வீட்டுக்குப் பங்கில்லை. மேல்மாடியில் வேலை செய்யும் ஆறு பிள்ளைகளும் ஒன்றாகப் போய் முதலாளியிடம் சொன்னார்கள். வயர் மாறும்வரை இரண்டு ஏசியையும் ஒன்றாகப் போடமாட்டோம், படியில் பெட்டி வைக்கவும் விடமாட்டோம் என்று மரியாதையோடும் உறுதியோடும் சொல்லியிருக்கிறார்கள். முதலாளிக்கு முதலில் கோபம். பிறகு, அவரைப் பற்றி நல்லதும் சொல்ல வேண்டும், ஒரு வெள்ளிக்கிழமை கடையைப் பூட்டி, சீலிங்கை உடைத்துப் புது கேபிள் இழுக்க வைத்தார். பழைய வயரின் உறை ஓரிடத்தில் பழுத்து நொறுங்கியிருந்ததாம். அந்த வேலைக்கும் வாப்பாவை அழைக்கவில்லை. சொன்னபோது, "கேபிள் மாறிட்டா? அப்ப சரி" என்றார். அவ்வளவுதான். அடுத்த வாய்ச் சோற்றை எடுத்தார்.

உம்மா அவரைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு எழுந்து போய் அவருக்கு இன்னுமொரு துண்டு மீன் கொண்டுவந்து வைத்தார்.

நம்மில் பலர் இன்னும் ஓரிரு வருடங்களில் கடைகளிலும் காரியாலயங்களிலும் தையல் நிலையங்களிலும் வேலைக்கு நிற்கப்போகிறோம். சிலர் சொந்தமாகவே கடை திறப்போம். சுவிட்ச் சுடுகிறதா, விளக்கு காரணமின்றி மங்கிப் பிரகாசிக்கிறதா, ஒரே பிளக்கில் நான்கு அயன் தொங்குகிறதா என்று பார்ப்பதற்கு உயர்தர விஞ்ஞானம் தேவையில்லை. ட்ரிப் சுவிட்ச்சில் 'ரி' என்று ஆங்கில எழுத்துப் போட்ட ஒரு சிறு பொத்தான் உண்டு. மாதம் ஒரு முறை அதை அழுத்தினால் சுவிட்ச் விழ வேண்டும். விழாவிட்டால் அது அலங்காரத்துக்கு இருக்கிறது என்று அர்த்தம். வேலைக்கு வருபவரிடம் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பதும் அவமதிப்பல்ல. நல்ல வேலைகாரர் அந்தக் கேள்வியை விரும்புவார்.

அந்தச் சான்றிதழுக்கான பயிற்சி நெறியில் ஆண்கள் மட்டும்தான் சேரலாம் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. பெண்கள் வேலை செய்யும் தையல் நிலையத்துக்கும் மேல்மாடிக்கும் கடை திறந்திருக்கும் நேரத்திலேயே போய்ச் சோதிக்க ஒரு பெண் இருந்தால் எவ்வளவு இலகு என்று வாப்பாவிடம் சொன்னேன். வாப்பா சிரிக்கவில்லை, மறுக்கவுமில்லை. "ஏணியில ஏறப் பயமில்லாட்டி, முதல்ல கணக்கப் பழகு" என்று சொல்லி, எழுதாத புதுக் கொப்பி ஒன்றை எடுத்துத் தந்தார். பரீட்சை முடிந்ததும் அதன் முதற்பக்கத்தை நிரப்பத் தொடங்குவேன்.