மலையடிவாரத்தில் ஒரு கார் பேரம்

திருவண்ணாமலைக்குப் போய் வந்தேன் என்று சொன்னால், "கிரிவலம் சுற்றினீர்களா? கூட்டம் எப்படி?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நான் போனது அந்தத் திருவண்ணாமலைக்கு அல்ல. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் தூரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்தபடி ஒரு சிறு குன்று இருக்கிறது. அதற்கும் திருவண்ணாமலை என்றே பெயர். குன்றின் மேல் ஸ்ரீநிவாசப் பெருமாள். அடிவாரத்தில் கோனேரி என்ற குளம். திருப்பதிக்குப் போக முடியாதவர்கள் அங்கே நேர்ந்துகொண்டதை இங்கே செலுத்துவது வழக்கம். 'தென் திருப்பதி' என்று பெயர் வந்ததும் அதனால்தான். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் போனால் மனிதத் தலையைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஆகவே நான் ஒரு சாதாரண வியாழக்கிழமையாகப் பார்த்துப் போனேன்.

படியிறங்கி வந்தபோது அடிவாரத்தில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. புத்தம் புதிது. முன்னால் சாமந்தி மாலை, நாலு சக்கரத்தின் கீழும் நாலு எலுமிச்சம்பழம். பக்கத்தில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெரியவர். வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மாப்பிள்ளையைப் பார்ப்பது போல வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி பின் சீட்டில் உட்கார்ந்து, முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். படியேற முடியாதவருக்காகக் கீழேயே கற்பூரம் காட்டி முடித்திருந்தார்கள்.

புது வண்டியைக் கண்டால் நம்மவர்களுக்கு வாயில் வருகிற முதல் கேள்வி எது என்று உங்களுக்குத் தெரியும். நானும் கேட்டேன்.

"என்ன விலை அண்ணாச்சி? எங்கே எடுத்தது?"

"விலை கிடக்கட்டும் தம்பி. எங்கே எடுத்தோம் என்பதுதான் வீட்டில் பெரிய யுத்தம்!" என்றார் அவர்.

உள்ளேயிருந்து அம்மாள், "அதை ஏன் கிளறுகிறீர்கள்? மாப்பிள்ளை காதில் விழப்போகிறது" என்றார். பிறகு அவரே பாதிக் கதையைச் சொல்லிவிட்டார்.

பெரியவர் ராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலையில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். 1936-ல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கியதிலிருந்து, நூலோடு பிழைப்பு நடத்துகிற குடும்பங்கள் அந்த ஊரில் ஏராளம். இவருடையதும் அப்படி ஒன்று. கையிலிருந்தது பிராவிடண்ட் பண்டும் கிராஜுவிட்டியும். அம்மாளுக்கு மூட்டு வலி. பஸ் படி ஏற முடியாது. மாதம் ஒருமுறை மதுரைக்கு டாக்டரிடம் போக வேண்டும். பழைய கார் வழியில் நின்று நின்று மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது. எட்டு லட்ச ரூபாய் விலையுள்ள புதுக் கார் ஒன்று எடுப்பதென்று தீர்மானமாயிற்று.

எங்கே எடுப்பது? இங்கேதான் சங்கடம் பிறந்தது.

பெரியவருக்கு உள்ளூர் ஷோரூமில் வாங்கவேண்டும் என்று ஆசை. மதுரையில் இருக்கும் மருமகனோ அங்கே ஒரு டீலரிடம் பேசி, "மாமா, இங்கே 38 ஆயிரம் கூடத் தள்ளுபடி தருகிறான். அங்கே போய் ஏன் ஏமாறுகிறீர்கள்?" என்று போன் செய்துவிட்டார். மோட்டார் விஷயத்தில் மதுரைக்காரர் பேச்சை லேசாகத் தள்ள முடியுமா? டி. வி. சுந்தரம் ஐயங்கார் தம் மோட்டார்த் தொழிலை அங்கிருந்தல்லவா வளர்த்தார்! போதாக்குறைக்குச் சொன்னவர் மாப்பிள்ளை. கேட்காவிட்டால் மகள் முகம் வாடும். கேட்டால் உள்ளூர்க்காரர் முகத்தில் விழிக்க முடியாது. 38 ஆயிரமோ, ஓய்வு பெற்றவருக்குச் சின்னத் தொகை அல்ல.

கார் வாங்குவதில் பேரம் என்பதே நமக்குப் புதிய சங்கதி என்பதை இங்கே சொல்லவேண்டும். அம்பாஸடரும் பியட்டும் ஸ்டாண்டர்டு ஹெரால்டும் ஓடிய காலத்தில், பணத்தைக் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். வாங்குகிறவர் டீலரைக் கெஞ்சினாரே தவிர, டீலர் இவரைக் கெஞ்சவில்லை. 1969-ல் சர்க்காரே உத்தரவு போட்டுக் கார் விலையைக் கட்டுப்படுத்தியது. 1983 டிசம்பர் 14-ஆம் தேதி முதல் மாருதி 800-இன் சாவி கைமாறியபோது அதன் விலை 47,500 ரூபாய். அதற்கும் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தவர்களின் வரிசை நீளம். கம்பெனிகள் பல வந்து போட்டி பிறந்த பிறகே, ஷோரூம்காரர் நாற்காலி போட்டு டீ கொடுக்கும் காலம் வந்தது.

ஆனால் அந்த டீயில்தான் சூட்சுமம்! மாட்டுச் சந்தையில் தரகர் துண்டுக்குள் கையைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. ஷோரூமில் துண்டு இல்லை. அதற்குப் பதிலாக, "மேனேஜரைக் கேட்டுவிட்டு வருகிறேன் ஸார்" என்று உள்ளே போய்விடுகிறார்கள். துண்டுக்குள் நடப்பது அங்கே கண்ணாடிக் கதவுக்குள் நடக்கிறது.

நம் கணக்குப்பிள்ளை லேசுப்பட்டவர் அல்ல. முப்பது வருஷம் பேரேடு எழுதிய கை. இரண்டு ஊர்க் கொட்டேஷனையும் எழுத்தில் வாங்கி, வரிக்கு வரி பக்கத்தில் பக்கத்தில் எழுதினார். அந்தத் தாளை எனக்கும் காட்டினார்.

ஷோரூம் விலை இரண்டு ஊரிலும் ஒன்றே. ஆயுள் வரியும் ஒன்றே. 2023 நவம்பரில் திருத்தியபடி, ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரையிலான புதுக் காருக்கு நூற்றுக்குப் பதின்மூன்று. அது சர்க்காருக்குப் போகிற பணம்; அதில் மதுரைக்காரர் கருணை காட்ட முடியாது, ராஜபாளையத்துக்காரர் வஞ்சிக்கவும் முடியாது. வித்தியாசமெல்லாம் அடுத்த வரிகளில் இருந்தது. இன்ஷூரன்ஸ் ராஜபாளையத்தில் 41 ஆயிரம். மதுரையில் 49 ஆயிரம். மிதியடி, சீட் உறை, மட்கார்டு ரப்பர் என்ற சில்லறைச் சாமான்கள் இங்கே 12 ஆயிரம். அங்கே 16 ஆயிரம். பழைய காருக்கு இங்கே மதித்தது 1 லட்சத்து 60 ஆயிரம். அங்கே 1 லட்சத்து 46 ஆயிரம். கூட்டிப் பாருங்கள்: 8, 4, 14, ஆக 26 ஆயிரம். வலது கையால் கொடுத்த 38-இல் 26-ஐ இடது கையால் வாங்கிக்கொண்டார்கள். நின்றது 12 ஆயிரம்.

இது மதுரைக்காரர்களின் குணம் என்று நினைத்துவிட வேண்டாம். ராஜபாளையத்துக்காரர் தென்காசியில் போய் விசாரித்தாலும், தென்காசிக்காரர் ராஜபாளையத்துக்கு வந்து விசாரித்தாலும் இதே நாடகம் நடக்கலாம். வெளியூர் ஆசாமிக்குப் போனில் கண்ணைப் பறிக்கிற ஒரு தொகையைச் சொன்னால்தானே அவர் 80 கிலோமீட்டர் பஸ் ஏறி வருவார்? அமெரிக்காவிலும் இந்தக் கதை உண்டு. அங்கே ஆளுக்கொரு விலை சொல்லி ஜனங்களைத் திணறடித்ததால், 1958-ல் சட்டம் போட்டு, ஒவ்வொரு புதுக் காரின் ஜன்னலிலும் விலை விவரத்தை ஒட்டச் செய்தார்கள். மன்ரோனி என்ற செனட்டர் கொண்டு வந்ததால் அந்தச் சீட்டுக்கே அவர் பெயர் நிலைத்துவிட்டது. சீட்டு வந்தும் பேரம் நிற்கவில்லை என்பது வேறு விஷயம்.

கணக்குப்பிள்ளை தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளூர் ஷோரூமுக்குப் போனார். மதுரை விலையைச் சொல்லி மிரட்டவில்லை. "எனக்கு மிதியடியும் உறையும் வேண்டாம். 12 ஆயிரத்தை எடுத்துவிடுங்கள். கடைத்தெருவில் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். அவர்கள் உள்ளே போனார்கள், வந்தார்கள், மறுபடி போனார்கள். டீ இரண்டு தடவை வந்தது. கடைசியில் எடுத்துவிட்டார்கள். கணக்கு நேராயிற்று, அச்சாரம் கொடுத்தார்.

"மாப்பிள்ளை என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"தாளைப் படமெடுத்து அனுப்பினேன். 'மாமா, நீங்கள் இன்னும் மில்லிலேயே இருந்திருக்கலாம்' என்றார். அது பாராட்டா, கோபமா என்று இன்னும் புரியவில்லை" என்றார் பெரியவர்.

"கோபம்தான்!" என்றது பின் சீட்டு.

எனக்கென்னவோ, பெரியவர் இன்னும் கொஞ்சம் முடுக்கியிருக்கலாம் என்று தோன்றியது. இன்ஷூரன்ஸை ஷோரூமிலேயே எடுக்கவேண்டும் என்று கட்டாயம் கிடையாது. வெளியே விசாரித்து, அதே பாதுகாப்புக்கு எது குறைவோ அதை எடுக்கலாம். பழைய காரை நேரே யாருக்காவது விற்றிருந்தால், மதுரைக்காரரின் 38-இல் பெரும் பகுதி உண்மையாகவே மிஞ்சியிருக்கும். நல்லவேளையாக அவர் கடன் வாங்கவில்லை. வாங்குகிறவர்கள் வட்டியையும் அந்தத் தாளிலேயே எழுதவேண்டும். ஐந்து லட்சம் கடனை ஐந்து வருஷத்தில் அடைப்பதானால், 9 சதவிகிதத்துக்கும் ஒன்பதரைக்கும் நடுவே ஏழாயிரம் ரூபாய்க்கு மேல் ஒளிந்திருக்கிறது.

ஆனாலும் பெரியவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. கம்பெனியின் உத்தரவாதம் எந்த ஊரில் வாங்கினாலும் செல்லும். சர்வீஸையும் அதே கம்பெனியின் எந்த அங்கீகார நிலையத்திலும் செய்யலாம். "வெளியூரில் வாங்கினால் இங்கே தொடமாட்டோம்" என்பது வெறும் பூச்சாண்டி. எனினும், ராத்திரி எட்டு மணிக்கு வண்டி கிளம்பாமல் நின்றால், "நம்ம ஷோரூமில் எடுத்த வண்டி" என்று போனை எடுக்கிற ஒரு குரல் இருப்பது, முழங்கால் வலிக்கார மனைவியை வைத்திருப்பவருக்கு ஒரு பெரிய தைரியம். அந்தத் தைரியத்துக்கு எத்தனை ரூபாய் கொடுக்கலாம் என்று நீங்களே ஒரு தொகை நிர்ணயித்துக்கொண்டு பேரத்துக்கு உட்காருவது நல்லது. ஐயாயிரமா, பத்தாயிரமா? நிர்ணயிக்காமல் போனால் அதை ஷோரூம்காரர் நிர்ணயித்துவிடுவார்.

வெளியூர் ஆசையில் இன்னும் தூரம் போகிறவர்களும் உண்டு. புதுச்சேரியில் வரி குறைவென்று அங்கே ஒரு விலாசத்தைக் காட்டிப் பதிவு செய்து, சொந்த ஊரில் ஓட்டுவார்கள். கேரளத்தில் 2017-ல் சினிமா நட்சத்திரங்கள் சிலர்மேல் இதற்காக வழக்கே வந்தது. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வண்டியை வைத்திருந்தால் அங்கே பதிவை மாற்றியாக வேண்டும் என்பது சட்டம். வரி பின்னாலேயே வந்து சேரும்.

இன்னொன்று. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி. எஸ். டி. 28-இலிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்தது. அதன் மேலிருந்த செஸ்ஸும் போயிற்று. இது தேசம் முழுவதற்கும் கிடைத்தது. "உங்களுக்காகக் குறைத்தோம்" என்று எந்த ஊர் டீலர் இதைத் தள்ளுபடிக் கணக்கில் காட்டினாலும் சிரித்துவிட்டு, அடுத்த வரிக்குப் போகவேண்டியதுதான்.

எப்போது வாங்குவது? ஆடியிலும் மார்கழியிலும் நம்மவர்கள் வண்டி எடுக்கத் தயங்குகிறார்கள். டீலருக்கோ மாதக் கடைசியில் இத்தனை வண்டி விற்றாகவேண்டும் என்ற கவலை. டிசம்பரில் பழைய வருஷத்துச் சரக்கைக் காலி செய்யும் கவலை வேறு. மார்கழியில் போய் விலை பேசி, முன்பணம் கட்டி, தை பிறந்ததும் வண்டியை எடுக்கிற சமர்த்தர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். பதிவுக்கு அனுப்புமுன் வண்டியை நேரில் பார்த்து, எந்த மாதம், எந்த வருஷம் தயாரானது என்று சேஸிஸ் எண்ணோடு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். தையில் எடுத்தாலும் ஆர். சி. புத்தகத்தில் தயாரிப்பு வருஷம் பழையதாகவே இருக்கும். பின்னால் விற்கும்போது, வாங்க வருகிறவர் அந்த வருஷத்தைக் காட்டித்தான் விலையைக் குறைப்பார். தள்ளுபடி அதற்கு ஈடாகுமா என்பதைக் கையெழுத்துப் போடுமுன்பே கணக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும்.