பளையில் ஒரு பாடசாலைத் தோட்டம்

"அக்கா, எங்கட தோட்டத்தை ஒருக்கா வந்து பாருங்கோ. வரேக்க வெறுங்கையோட வராதேங்கோ, விதை கொண்டு வாங்கோ."

பளைப் பக்கத்துச் சிறு பாடசாலையொன்றில் கற்பிக்கும், எனக்குத் தங்கை முறையான ஆசிரியை ஒருவர் பல மாதங்களாக இப்படி அழைத்துக்கொண்டிருந்தார். 2024ஆம் ஆண்டு மாசி மாதத்தில்தான் அது கைகூடியது. மடியில் பயற்றை, வெண்டி விதைகளோடு யாழ்ப்பாணத்தில் காலை ஆறரை மணிக்குக் கிளிநொச்சி பஸ்ஸில் ஏறினேன்.

நாவற்குழி, சாவகச்சேரி, கொடிகாமம், எழுதுமட்டுவாள் கடந்து முகமாலை வந்தது. முகமாலை என்றதும் என் வயதுப் பெண்களுக்கு நினைவுக்கு வருவது வரிசைதான். 2002இல் ஏ9 வீதி திறந்தபோது பைகளைத் திறந்து காட்டியபடி வெயிலில் மணிக்கணக்காக நின்ற வரிசை. 2006 ஓகஸ்டில் அந்தப் பாதையும் மூடப்பட்டது. 2009இல் யுத்தம் முடிந்தபோது, இந்த இலங்கையிலேயே கண்ணிவெடிகள் மிக நெருக்கமாகப் புதைந்திருந்த நிலங்களில் ஒன்றாக முகமாலை இருந்தது. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகளும் தலையிழந்த பனைகளும் தெரிந்த இடங்களில், இம்முறை புதிய வீடுகளையும் தென்னங்கன்றுகளையும் கண்டேன்.

பசி தொடக்கி வைத்த தோட்டம்

பாடசாலை ஒரே ஒரு நீளக் கட்டடம். ஐந்தாம் தரம் வரை அறுபது பிள்ளைகள் மட்டில் படிக்கிறார்கள். கட்டடத்தின் பின்புறம் ஒரு பரப்பு அளவான நிலம். கத்தரி, மிளகாய், பயற்றைப் பந்தல், பசளி, வேலியோரம் முருங்கையும் அகத்தியும். மாரி மழை ஓய்ந்து அதிக நாள் ஆகாததால் எல்லாம் பச்சையாக இருந்தன.

"இது ஆசைக்குத் தொடங்கின தோட்டமில்லை அக்கா" என்றார் ஆசிரியை.

2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டது. நவம்பரில் தடை நீங்கினாலும் விளைச்சல் விழுந்துவிட்டது. அடுத்த ஆண்டு டொலரும் இல்லை, எரிபொருளும் இல்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. அந்த ஆண்டு அரசாங்க ஊழியர்களுக்கே பயிர் செய்வதற்கென வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுத்தார்கள். இந்தப் பாடசாலையில் காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் மயங்கி விழத் தொடங்கினார்கள். அப்போதுதான் அதிபரும் ஆசிரியர்களும் பெற்றாரைக் கூப்பிட்டுக் கதைத்தார்கள்.

பாடசாலைத் தோட்டம் எமக்குப் புதிதல்ல. 1930களில், கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்தபோது, கண்டிக்கு அருகே ஹந்தெஸ்ஸவில் தொடங்கிய கிராமியக் கல்வித் திட்டம், பிள்ளைகள் தம் கிராமத்து மண்ணையும் தொழிலையும் கொண்டே படிக்கவேண்டும் என்றது. எங்கள் காலத்திலும் தோட்டம் இருந்தது. ஆனால் சேட்டை செய்த பிள்ளைக்குத் தண்டனை அங்கே புல்லுப் பிடுங்குவதாக இருந்தது!

ஒரு தாயின் பயம்

பெற்றார் கூட்டத்தில் எல்லாரும் சம்மதிக்க, ஒரு தாய் மட்டும் எழுந்து "என்ர பிள்ளை மண்வெட்டி தொடக்கூடாது" என்றாராம். அவர் கண்ணிவெடி அகற்றும் நிறுவனமொன்றில் வேலை செய்பவர். வடக்கில் இந்த வேலையில் பெண்கள் பலர் இருக்கிறார்கள். தனியே குடும்பத்தைத் தாங்கும் பெண்களும் அவர்களுள் உண்டு. அன்று லீவில் நின்று சமையலுக்கு உதவிக்கொண்டிருந்த அவரோடு கதைத்தேன்.

"நான் ஒரு நாள் முழுக்க முழங்காலில நிண்டு ஒரு சின்னத் துண்டு நிலத்தைச் சுரண்டிப் பாக்கிறனான் அக்கா. அப்பிடிப்பட்ட எனக்கு, மகள் மண்வெட்டியோட நிக்கிறாள் எண்டால் நெஞ்சு பதறாதே?"

பாடசாலை நிலம் முன்பே சோதித்துக் கையளிக்கப்பட்டது. அதிபர் அந்தக் கடிதத்தைக் காட்டினார். தாய்க்கு அதுவும் போதவில்லை. முதற்பாத்தி வெட்டிய நாட்களில் லீவு போட்டுவிட்டு வந்து வேலியோரம் இருந்து பார்த்தாராம்.

மூன்றாம் நாள் ஒரு பையனின் மண்வெட்டியில் இரும்பு தட்டுப்பட்டது. பிள்ளைகள் கத்தவில்லை, ஓடவில்லை, குனிந்தும் பார்க்கவில்லை. ஒருவன் ஆசிரியையைக் கூப்பிட, மற்றவர்கள் வந்த அடியிலேயே திரும்பி நடந்தார்கள். தெரியாத பொருளைக் கண்டால் தொடாதே, பெரியவருக்குச் சொல் என்று வகுப்பில் படித்ததை அப்படியே செய்தார்கள். பொலிசுக்கு அறிவித்து, உரியவர்கள் வந்து எடுத்தபோது அது துருப்பிடித்த கிணற்றுக் கப்பி. இப்போது அதிபரின் அலுமாரிக்கு மேல் இருக்கிறது.

"அதோட பயம் போச்சுதோ?" என்று கேட்டேன்.

"போகேல்லை. ஆனால் இந்த மண்ணிலதானே அவள் சீவிக்கப் போறாள். பயந்து கால் வைக்காமல் தெரிஞ்சு கால் வைக்கட்டும்" என்றார். அவருடைய மகள் அப்போது மிளகாய்க் கன்றுக்குச் சாம்பல் தூவிக்கொண்டிருந்தாள்.

பாத்தியே கரும்பலகை

காலை ஒன்பது மணிக்கு மூன்றாம் தரப் பிள்ளைகள் வெளியே வந்தார்கள். சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்ற பாடம் அவர்களுக்குத் தோட்டத்தில்தான். நான் கொண்டு போன வெண்டி விதையை எண்ணினார்கள். ஒரு குழிக்கு இரண்டு என்றால் எத்தனை குழி வேண்டும் என்று கணக்குப் பார்த்தார்கள். பாத்தியின் நீளத்தை அடியளவால் அளந்தபோது ஆளுக்கொரு விடை வந்தது. "ஏன் ரீச்சர் எல்லாருக்கும் வேற வேற?" என்று ஒரு சிறுமி கேட்டாள். மீற்றர் கோலின் பாடம் அங்கே தானாகவே தொடங்கியது.

இங்குள்ளது மணல் மண். ஊற்றிய தண்ணீர் நிற்காது. ஆகவே பாத்தியின் அடியில் பொச்சுமட்டையைப் பரவி, அதற்கு மேல் பூவரசங் குழையும் சாணமும் போட்டு மண்ணால் மூடுகிறார்கள். பொச்சு ஈரத்தைப் பிடித்து வைக்கும், குழை உக்கிப் பசளையாகும். எங்கள் அப்பு தோட்டத்துக்குக் குழை தாட்டதும் இந்த முறையில்தான். அழுக்கணவன் பிடித்தால் சாம்பலும் வேப்பங்கொட்டைக் கரைசலும்.

மதியம் தாய்மார் சமைத்த சோறு, பருப்பு, தோட்டத்து முருங்கையிலை வறை. வறையில் தேங்காய்ப்பூ தாராளமாக இருந்தது. கீரையிலுள்ள விற்றமின் ஏ சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளக் கொஞ்சம் கொழுப்புத் தேவை. இறக்கிய பின் விட்ட தேசிக்காய்ப் புளி இரும்புச்சத்து உடம்பில் சேர உதவும். வீட்டில் கீரையைத் தள்ளி வைக்கும் பிள்ளையும் இங்கே கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறான். அவன் தண்ணீர் ஊற்றிய மரம் அல்லவா!

விடுமுறையில் யார் தண்ணீர் ஊற்றுவது?

குறைகளையும் சொல்லவேண்டும். முதல் வருடம் ஓகஸ்ட் விடுமுறையில் தோட்டம் முழுவதும் கருகிவிட்டது. பாடசாலை திறந்த அன்று பிள்ளைகள் காய்ந்த கொடியைப் பார்த்து அழுதார்களாம். அடுத்த வருடம் வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை போட்டார்கள். முறைப் பட்டியலைப் பார்த்தேன். இரண்டு பேரைத் தவிர மற்ற எல்லாம் தாய்மாரின் பெயர்கள். சமையலும் அவர்கள், தண்ணீரும் அவர்கள். "தேப்பன்மாரையும் கூப்பிடுங்கோ" என்று ஆசிரியையிடம் சொன்னேன். "அடுத்த கூட்டத்தில நீங்களே வந்து சொல்லுங்கோ அக்கா" என்று சிரித்தார்.

புறப்படும்போது அந்தத் தாயின் மகள் ஓடிவந்து கடதாசிச் சரை ஒன்றைத் தந்தாள். பந்தலில் முற்றவிட்டு எடுத்த பயற்றை விதை. "நீங்கள் தந்ததுக்கு" என்றாள். கைநகத்தில் மண் இருந்தது.

சகோதரிகளே, உங்கள் பிள்ளையின் பாடசாலையிலும் ஒரு துண்டு நிலம் சும்மா கிடக்கலாம். அடுத்த பெற்றார் கூட்டத்தில் அதைப் பற்றிக் கேளுங்கள். தொடங்கு முன்பே விடுமுறைத் தண்ணீருக்கு ஒரு முறைப் பட்டியலும் எழுதிவிடுங்கள். அதில் தந்தையரின் பெயர்களும் சரிபாதியாக இருக்கட்டும்.

அந்தச் சரையில் இருபத்தியொரு விதைகள். என் கிணற்றடியில் பத்தொன்பது முளைத்திருந்தன.