சீசரின் பின்னங்கால்

2025 பெப்ரவரி 17, திங்கள்

ஒன்ராறியோவில் குடும்ப தினம். அரச விடுமுறை என்று பெயர். காலை முழுவதும் பனி அள்ளுவதில் போனது. சனியும் ஞாயிறும் கொட்டிய பனியில் வாசற்படி எது, புல்வெளி எது என்று தெரியவில்லை. சீசருக்கு மட்டும் கொண்டாட்டம். யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் பிறந்த நாய்க்குப் பனியில் இவ்வளவு ஆசை எங்கிருந்து வந்ததோ! மத்தியானம் இவர் டூகுட் குளக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். போனது நாலு காலில், வந்தது மூன்று காலில். வலது பின்னங்காலை ஊன்றவேயில்லை. அழவுமில்லை, அதுதான் எனக்குப் பயம்.

வழமையான கிளினிக் இன்று பூட்டு. அவசர சிகிச்சை நிலையம் ஒன்றுக்குப் போன் எடுத்தேன். பார்ப்பதற்கு மட்டும் 215 டொலர், வரி புறம்பு. சாப்பிடுகிறானா, ஒன்றுக்குப் போகிறானா, கால் வீங்கியிருக்கிறதா என்றெல்லாம் விசாரித்த பெண், "நாளைக்கு உங்கள் டொக்டரிடமே காட்டலாம், இன்றைக்கு ஓடவிடாதீர்கள்" என்றாள். வர இருந்த காசை வேண்டாமென்று சொன்னவள். நல்லாயிருக்கட்டும்.

"நொண்டினால் நொண்டட்டும், நாலு நாளிலை எழும்பி ஓடும்" என்றார் அம்மா. சொல்லிவிட்டு உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்ததும் அவர்தான்.

பெப்ரவரி 18, செவ்வாய்

டொக்டர் சீசரைச் சரித்துக் கிடத்தி, ஒரு கையால் தொடை எலும்பையும் மறு கையால் கீழ்க்கால் எலும்பையும் பிடித்து மெல்ல அசைத்தார். கீழெலும்பு லாச்சி இழுபடுவதுபோல முன்னுக்கு வந்தது. எனக்கே விளங்கிவிட்டது. முழங்காலுக்குள் இரண்டு எலும்பையும் பிடித்துவைத்திருக்கும் லிகமென்ற் அறுந்துபோயிருக்கிறது.

அறுந்ததைத் தைப்பதில்லையாம். கீழ்க்கால் எலும்பின் தலையை வளைவாக அறுத்து, சற்றே திருப்பி, தகடும் திருகாணியும் போட்டு இறுக்குவார்கள். எலும்பின் சரிவு குறைந்துவிட்டால் அந்த லிகமென்ற் இல்லாமலே கால் நிற்கும். பார்க்லே ஸ்லோகம் என்ற அமெரிக்க மிருக வைத்தியர் 1990களில் கொண்டுவந்த முறை. சின்ன நாய் என்றால் ஓய்விலும் வலி மருந்திலும் சமாளிக்கப் பார்க்கலாம். சீசர் 22 கிலோ.

பிறகு எஸ்டிமேட் வந்தது. இரண்டு நிரல்: குறைந்தது 6,150, கூடியது 7,480. அதற்குமேல் 13 வீதம் வரி. மேல்நிரல் வரியோடு 8,452 டொலர். மயக்குவதற்கு முந்திய இரத்தப் பரிசோதனை, நரம்பில் ஊசி போடும் குழாய், மயக்க மருந்து, தகடு, திருகாணி, இரவுப் பராமரிப்பு, கழுத்துக்கு மாட்டும் கூம்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, ஒரு விலை.

நான் கோபப்படவில்லை. அந்தத் தாளைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன். மகளை யாழ் போதனா வைத்தியசாலையில் பெற்றேன். ஒரு பில்லும் கண்ணில் படவில்லை. போன வருடம் இவருக்குப் பித்தப்பை எடுத்தார்கள், இங்கே கனடாவில், மார்க்கம் நகரில். மாகாண அரசின் ஓஹிப் மருத்துவக் காப்புறுதி அட்டையைக் காட்டியதோடு சரி, நாங்கள் கட்டியது வாகனம் நிறுத்திய காசு மட்டும். இரண்டு நாட்டில் வாழ்ந்தும் ஒரு சத்திர சிகிச்சைக்கு உண்மையில் என்ன செலவாகும் என்று நான் பார்த்ததேயில்லை. இன்றைக்குத்தான், ஒரு நாயின் பெயரில், பார்த்தேன். மனிதனுக்கு உள்ள அதே எக்ஸ்ரே, அதே மயக்க மருந்து, பக்கத்தில் நின்று மூச்சைப் பார்த்துக்கொண்டிருக்கும் அதேபோன்ற தாதி. விலையை மறைக்க நடுவில் அரசாங்கம் இல்லை, அவ்வளவுதான். கொள்ளை அடிக்கிறார்கள் என்று எங்கள் ஆட்கள் சொல்வதை இனி அப்படியே ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எங்களுக்கு முன்னால் பூனைக்கூடையோடு ஒரு சீனத்துப் பெரியவர் நின்றார். அவரிடம் வரவேற்பு மேசைப் பெண் ஃபார்லி அறக்கட்டளையின் தாள் ஒன்றைக் கொடுத்தாள். வருமானம் குறைந்த முதியவர்களுக்கும் ஊனமுற்றோருக்கும் மிருக வைத்தியச் செலவில் கைகொடுப்பதற்காக ஒன்ராறியோ மிருக வைத்தியர் சங்கம் நடத்துவது. ஃபார்லி ஒரு கார்ட்டூன் நாய். லின் ஜோன்ஸ்டன் வரைந்த பத்திரிகைத் தொடரில் ஆற்றில் விழுந்த குழந்தையைக் காப்பாற்றிவிட்டு 1995ல் செத்துப்போனது. எங்கள் இரண்டு சம்பளத்துக்கு அந்த உதவி கிடைக்காது.

பெப்ரவரி 20, வியாழன்

காப்புறுதி இருக்கிறது. நவம்பர் 12ல் எடுத்தது. மாதம் 71 டொலர், வருடத்துக்கு முதல் 500 டொலர் எங்கள் பொறுப்பு, மிச்சத்தில் 80 வீதம் தருவார்கள். அதுவும் முதலில் நாங்கள் முழுதையும் கட்டி, பில்லை அனுப்பி, பிறகுதான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போன் எடுத்தேன்.

விபத்துக்கு 48 மணித்தியாலக் காத்திருப்பு, நோய்க்கு 14 நாள். முழங்கால் லிகமென்ற் இரண்டிலும் சேராதாம், அதற்குத் தனிக் கட்டம்: ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். மே 12க்குப் பிறகு அறுந்திருந்தால் தருவார்கள். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு முழங்கால் போன நாய்க்கு மற்ற முழங்காலும் "ஏற்கனவே இருந்த நோய்" கணக்கில் போய்விடுமாம். நன்றாக ஓடித் திரியும் இடது கால் இன்றிலிருந்து நோயாளி. ஒரு பக்கம் அறுந்த நாய்களில் பலவற்றுக்கு மற்றப் பக்கமும் அறுவதுண்டு என்று டொக்டரும் சொன்னார். அவர் சொன்னபோது எச்சரிக்கை. இவர்கள் சொன்னபோது விதி.

அவர்கள் பக்கத்து நியாயமும் விளங்கத்தான் செய்கிறது. நாய்களுக்கு இந்த லிகமென்ற் ஒரே நாளில் விழுந்து அறுவது குறைவு, கனகாலமாக நைந்து ஒருநாள் விடுவதே கூட. நொண்டத் தொடங்கியபிறகு ஓடிவந்து காப்புறுதி எடுப்பவர்களுக்காகத்தான் அந்த ஆறு மாதம். ஆனால் மாதாமாதம் காசை எடுக்கும்போது இடது காலுக்கென்று கழித்து எடுக்கவில்லையே.

பத்திரத்தைத் திருப்பி வைக்கப் போனபோது அதே ஃபைலில் அம்மாவின் காப்புறுதி. சூப்பர் விசாவில் வரும் பெற்றோருக்கு ஆகக் குறைந்தது 100,000 டொலருக்கு ஒரு வருட மருத்துவக் காப்புறுதி இருக்கவேண்டும் என்பது சட்டம். அம்மாவுக்குப் பிரஷரும் சீனியும். 180 நாளுக்குள் குளிசை மாறியிருந்தால், அளவு கூடியிருந்தால், அந்த நோய்க்குக் காசில்லை. இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தேன். பெயரையும் இனத்தையும் விட்டால் பாதி வசனம் ஒன்றுதான்.

பெப்ரவரி 23, ஞாயிறு

வேலையில் கூட இருக்கும் சென்னைக்காரி போனில் ஆறுதல் சொன்னாள். 1903ல் தொடங்கிய மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. விடியற்காலையே ஆடு, நாய், கிளியோடு சனம் வரிசையில் நிற்கும், அரசாங்கக் கட்டணம், அங்கே படித்தவர்களே பார்ப்பார்கள் என்றாள். எங்களுக்குப் பேராதனை. யாழ்ப்பாணத்திலிருந்து நாயைக் கொண்டு பேராதனைக்குப் போனவரை நான் கேள்விப்பட்டதில்லை. சந்தியில் மேசை போட்டு இலவசமாக விசர்நாய்த் தடுப்பூசி போடுவார்கள். அதற்குமேல் நாய் தன் பாட்டில் வாழும், தன் பாட்டில் சாகும். சீசரின் தாய் வாகனம் அடித்துக் கால் வளைந்தே இன்னும் நாலு வருடம் இருந்தது. யாரும் அதற்கு ஒரு விலை கேட்கவில்லை என்றால், அங்கே அன்பு கூட என்றில்லை. செய்யக்கூடியது இல்லாததால் தீர்மானிக்க வேண்டியதும் இருக்கவில்லை.

காப்புறுதியிலும் நாட்டுக்கு நாடு வித்தியாசம். சுவீடனில் நாய்க்கான காப்புறுதி 1924லேயே வந்துவிட்டது. இன்றைக்கு அங்கே பெரும்பாலான நாய்களுக்கு உண்டு. அமெரிக்காவில் 1982ல் எழுதிய முதல் பத்திரம் தொலைக்காட்சி நாய் லாசிக்கு. கனடாவில் இன்னும் மிகச் சிலரே எடுக்கிறார்கள். ஆனால் கிளினிக்குகளைப் பெரிய கொம்பனிகள் வாங்குவது இங்கேயும் நடக்கிறது. கனடாவிலும் கிளினிக்குகள் வைத்திருக்கும் விசிஏ என்ற நிறுவனத்தை 2017ல் வாங்கியது மார்ஸ், சொக்கலேட் செய்யும் அதே மார்ஸ். நாய்க்குச் சொக்கலேட் நஞ்சு என்பதை அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

பெப்ரவரி 27, வியாழன்

மாகாணத் தேர்தல். எங்களுக்கு வாக்கில்லை, இன்னும் குடியுரிமை வரவில்லை. கெனடி றோட்டில் பனிக்குள் குத்திவைத்த பலகைகள் எல்லாம் சரிந்து கிடக்கின்றன. எல்லாக் கட்சிக்கும் ஒரே வாக்குறுதி: ஒவ்வொருவருக்கும் குடும்ப வைத்தியர். 25 லட்சம் பேருக்கு மேல் இல்லாமல் இருக்கிறார்களாம். நாங்களும் அதில் மூன்று பேர். சீசருக்கு வைத்தியர் இருக்கிறார், அடுத்த நாளே பார்த்தார். எங்களுக்குக் காசில்லாமல் பார்க்க ஆளில்லை. அவனுக்கு ஆளுண்டு, காசுதான் வேண்டும். இவர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

தீர்மானம் எடுத்தாயிற்று. கிளினிக் கிளினிக்காக வந்து சத்திர சிகிச்சை செய்யும் நிபுணர் ஒருவர் இருக்கிறார். எங்கள் கிளினிக்கிலேயே செய்வார். 4,900, வரியோடு 5,537 டொலர். இரவில் பார்க்க அங்கே ஆளிருக்காது, அன்று மாலையே வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். விலை குறைந்தது அதனால்தான்.

இவர் உடனே ஊர்க் காசுக்கு மாற்றினார். பதினொரு லட்சத்துக்கு மேல். "அந்தக் காசுக்கு ஊரிலை ஒரு பழைய ஓட்டோ எடுக்கலாம்." விலையை அம்மாவுக்குச் சொல்லவேண்டாம் என்று முடிவெடுத்தோம். பின்னேரம் மகள் சொல்லிவிட்டாள்.

இராச் சாப்பாட்டில் அம்மா கேட்டார்: "பிள்ளை, நான் இடையிலை ஊருக்குப் போனால் என்ரை இன்சூரன்ஸ் காசிலை மிச்சம் திருப்பித் தருவாங்களோ?" தருவார்கள். க்ளெய்ம் ஒன்றும் போடாவிட்டால் பாவிக்காத மாதங்களுக்குக் கிடைக்கும் என்று பத்திரத்தில் இருக்கிறது. 2,600 டொலர் கட்டியிருக்கிறோம். "அப்ப நான் சித்திரைக்குப் போறன். அதை எடுத்து நாய்க்குக் கட்டு."

யாரும் பதில் சொல்லவில்லை. மகள் எழும்பிப் போய் அம்மம்மாவின் கோப்பையில் இன்னும் இரண்டு இடியப்பம் வைத்தாள்.

மார்ச் 6, வியாழன்

நல்லபடி முடிந்தது. காலில் மயிர் இல்லை, கூம்போடு வாசலில் இடித்துக்கொண்டு வந்தான். அம்மா இரவு முழுக்கப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தார். டிக்கெட் பதியவில்லை, அந்தக் கதையையும் யாரும் எடுக்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

வலிக்குக் கபபென்ரின். மனிதருக்கும் அதுதான். மருந்தைக் கிளினிக்கில்தான் வாங்கவேண்டும் என்றில்லை, எழுதித் தரச்சொல்லிக் கேட்கலாம். கொஸ்கோ மருந்தகத்தில் காசு பாதிக்கும் குறைவு. திரவமாக வாங்கவேண்டாம், அதில் நாய்க்கு ஆகாத சைலிற்றோல் இருக்கலாம், கூடு மருந்தே வாங்குங்கள் என்று டொக்டரே எச்சரித்து எழுதித் தந்தார். நோயாளியின் பெயர் என்ன என்று மருந்தாளர் கேட்டார். சீசர் என்றேன். குடும்பப் பெயர்? எங்கள் பெயரைச் சொன்னேன்.

மே 1, வியாழன்

எலும்பு பொருந்திவிட்டது. எக்ஸ்ரேக்கும் மயக்க ஊசிக்கும் 390 டொலர், இதுவும் எங்கள் கையால். காப்புறுதியை விடுவதா தொடர்வதா என்று வீட்டில் இன்னும் இழுபறி. மாதம் 71ஐத் தனிக் கணக்கில் போடுவோம் என்கிறார் இவர். போட்டால் ஆறரை வருடத்தில் ஒரு முழங்கால் சேரும். அதற்குள் புற்றுநோய் வந்தால்? நான் தொடரலாம் என்கிறேன். அந்தத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு, அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருக்க, மனதுக்குள் கூட்டல் கழித்தல் செய்வது இன்னொரு முறை என்னால் ஆகாது. இடது காலுக்கு அது உதவாது என்பதையும் தெரிந்துதான் சொல்கிறேன்.

போகிற போக்கில் டொக்டர் உண்ணி மாத்திரையும் எழுதினார். ரூஜ் பள்ளத்தாக்குப் பக்கம் லைம் நோய் பரப்பும் உண்ணி இருக்கிறது, குளிர் விட்டதும் எழும்பிவிடும். ஆறு மாதத்துக்கு 190 டொலர். தடுப்பு மருந்து காப்புறுதியில் சேராது. வீட்டுக்கு வந்து சொன்னேன். சீசரின் காதைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமலே கேட்டார்: "இஞ்சை மண்ணெண்ணெய் எங்கை விக்கிறது?"