முதல் கருத்தரங்கு: வாணியம்பாடியிலிருந்து அடையாறு வரை



உங்கள் இல்லத்துப் பிள்ளை வேலையில் சேர்ந்து ஓராண்டுகூட நிறையாத நிலையில், "சென்னையில் கருத்தரங்கு, போய்வா" என்று நிர்வாகம் அவனை அனுப்பினால் வீட்டில் என்ன பேச்சு எழும்? "சம்பளம் பிடிப்பார்களா?" என்று அத்தா கேட்பார். "மதியச் சாப்பாட்டிற்கு என்ன செய்வாய்?" என்று உம்மா கேட்பார். அங்கே போய் அவன் என்ன செய்யப்போகிறான் என்பதை மட்டும் எவரும் கேட்பதில்லை. அவனுக்கே அது தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

வாணியம்பாடியில் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் அப்போது நான் இளநிலை ஊழியன். 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு பாலாற்றங்கரை முழுவதையும் உலுக்கியிருந்தது. ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம். கழிவுநீரைச் சுத்திகரிக்க வழிசெய்யாதவை மூடப்பட வேண்டும். அபராதத்தைக் கட்டிவிடலாம். கதவை மூடினால் எத்தனை அடுப்புகள் அணையும் என்பதை எங்கள் ஊரார்க்குச் சொல்லித் தெரிவிக்க வேண்டியதில்லை.

எங்கள் சிக்கல் குரோம். டிரம்மில் இடும் குரோமில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தோலில் ஏறாமல் நீலப்பச்சை நீராக வெளியேறிவிடும். அதைத் தனியே பிடித்து, சோடா இட்டு, குரோமைக் கீழே இறக்க முயன்றோம். கூழ் கூழாக மிதந்ததே தவிர, நாள் கணக்கில் காத்திருந்தும் அது அடியில் தங்கவில்லை. "அது ஏன் அடங்கவில்லை என்று கேட்டு வா. வேறொன்றும் வேண்டாம்" என்று கூறி முதலாளி என்னை அனுப்பினார்.

விடியற்காலை ரயிலேறினேன். தொழிற்சாலை வாடை படாத சட்டை ஒன்றை உம்மா தனியே எடுத்துவைத்து, அத்தரும் தடவிக் கொடுத்திருந்தார். சுமார் 200 கி.மீ. தூரமும் சட்டைப்பையிலிருந்த கேள்வித்தாளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே சென்றேன்.

கிண்டியிலிருந்து அடையாறு செல்லும் சர்தார் படேல் சாலையில், ஐ.ஐ.டி.க்கு எதிர்ப்புறமாக, மரநிழலில் அமைந்திருக்கிறது மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். 1948-இல் தோன்றியது. 1958 முதல் 1971 வரை இதன் இயக்குநராக இருந்து இதனை உலகறியச் செய்தவர் டாக்டர் ஒய். நாயுடம்மா. 1985 ஜூனில் ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அட்லாண்டிக் கடலின் மேல் வெடித்துச் சிதறியபோது மாண்டவர்களுள் அவரும் ஒருவர். ஆராய்ச்சியாளர்களும் தொழில்துறையினரும் ஆண்டுதோறும் இங்கே கூடும் கூட்டத்திற்கு 'லெரிக்' என்று பெயர்.

அரங்கினுள் நுழைந்ததும் எனக்கு முதல் வியப்பு, உம்மாவின் அத்தர் வீணாயிற்று என்பதே. பாதிப் பேரிடம் எங்கள் தொழிற்சாலை வாடைதான்! இரண்டாவது வியப்பு அவ்வளவு இனிமையானதன்று. பேச்சு முழுவதும் ஆங்கிலத்தில் ஓடியது. வேதியியல் பட்டம் பெற்றவன்தான் நான்; ஆயினும் திரையில் தோன்றிய அட்டவணைகள் கண்ணுக்குள் நிற்குமுன் மறைந்தன. "கேள்விகள் உண்டா?" என்றார்கள். முன்வரிசையில் கோட்டு அணிந்தோர் எழுந்தனர். என் கை மடியிலேயே கிடந்தது. அமர்வு முடிந்தது. கேள்வித்தாள் பையிலேயே இருந்தது.

முதலாளியிடம் என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்தவாறே லுஹருக்கு ஒளுச் செய்யச் சென்றேன். ஒளித்து என்ன பயன், உண்மையாகவே பொய்தான் யோசித்தேன். கட்டடத்தின் ஓரமாய்ச் சிலர் கைக்குட்டை விரித்துத் தொழுதுகொண்டிருந்தனர். முடித்ததும் என் அருகிலிருந்த பெரியவர், "தம்பிக்கு எந்த ஊர்?" என்றார். அவர் இராணிப்பேட்டைக்காரர், முப்பது ஆண்டுகள் டிரம்மோடு பழகியவர். தாளை நீட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தார். "இதைத்தானே காலையில் திரையில் காட்டினார்கள்!"

அவரே என் கையைப் பிடித்து, காலையில் பேசிய விஞ்ஞானியிடம் அழைத்துச் சென்றார். அவர் தமிழர்! தேநீர்க் கோப்பையை ஓரமாய் வைத்துவிட்டு, என் தாளின் பின்புறத்திலேயே வரைந்து காட்டினார். சோடா விரைந்து வேலை செய்வதால் குரோம் நீரை உறிஞ்சிய கூழாகிவிடும். மக்னீசியம் ஆக்சைடு மெல்லக் கரைவது; அதனால் படிவம் கனமாகி, இரவுக்குள் அடியில் தங்கும். மேல்நீரை வடித்துவிட்டுப் படிவத்தைக் கந்தக அமிலத்தில் கரைத்தால் மீண்டும் டிரம்மிற்கே பயன்படும். "காலையிலேயே கேட்டிருக்கலாமே?" என்றார். நான் விடை சொல்லவில்லை.

நீங்கள் இன்று அங்கே சென்றால் 'ட்ரிபிள் ஹெலிக்ஸ்' என்னும் அரங்கைக் காண்பீர்கள். தோலின் ஆதாரமான கொலாஜன் மூவிழைக் கயிறுபோல் முறுக்குண்டது என்பதை 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து உலகிற்கு அறிவித்தவர்கள் ஜி.என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். அன்றாடம் கையில் புரளும் பொருளுக்கு இத்தகைய ஒரு பெருமை உண்டென்பதை நான் அறிந்ததும் அந்த வளாகத்தில்தான். உங்கள் மகனோ மகளோ இத்துறையில் இருந்தால், மேடைப் பேச்சு புரியவில்லையே என்று திரும்பிவிட வேண்டாம், இடைவேளையில் வெளியே நிற்பவர்களிடம் பேச்சுக் கொடுக்கச் சொல்லுங்கள்.

அன்றிரவே முதலாளியின் வீட்டுத் திண்ணையில் தாளை விரித்தேன். அந்த வாரமே ஒரு மூட்டை மக்னீசியம் ஆக்சைடு வந்திறங்கியது. மாலையில் கலந்துவிட்டு, மறுநாள் ஃபஜ்ரு தொழுதுவிட்டுத் தொட்டியருகே ஓடினேன். அடியில் பச்சைப் படிவம். மேலே தெளிந்த நீர். அல்ஹம்துலில்லாஹ்!

முதலாளி விரல் நுனியில் அந்நீரைத் தொட்டு நாவில் வைத்துப் பார்க்கப் போனார், தடுத்துவிட்டேன். "உப்பு போயிருக்குமா?" என்றார். போகவில்லை. பச்சைத் தோல் கெடாதிருக்க அதன் எடையில் 40 விழுக்காடு அளவுக்கு இடும் உப்பு, அவ்வளவு எளிதில் எதற்கும் அடங்குவதில்லை. அடுத்த ஆண்டு லெரிக்கிற்கு அந்தக் கேள்வியை எடுத்துச் சென்றேன். அம்முறை கையை உயர்த்தினேன், தமிழிலேயே கேட்டேன்.