மாமாவின் நாலு கம்பி

எங்க வீட்டு பீரோ மேலே ஒரு கறுப்புப் பை பல வருஷமாகக் கிடந்தது. மேலே தூசி, பல்லி முட்டை, பழைய காலண்டர். போன கோடை லீவில் இறக்கிப் பார்த்தால் உள்ளே ஒரு கிட்டார். நீளமான கழுத்து, கம்பி நாலே நாலு. "மீதி ரெண்டு கம்பி அறுந்து போச்சா மாமா?" என்று கேட்டுவிட்டேன் (சிரிக்காதீங்க!). மாமா முறைத்த முறை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அது பேஸ் கிட்டார். அதற்கு நாலு கம்பிதான். மாமா இருபது வயசில் ஒரு மெல்லிசைக் குழுவில் அதை வாசித்தவர். வில்லியனூர், பாகூர், திருபுவனை என்று கல்யாணம், திருவிழா எதையும் விட்டதில்லையாம். அப்புறம் கீபோர்டுக்காரரே இடது கையால் பேஸையும் வாசிக்க ஆரம்பித்தார். குழுவுக்கு ஒரு ஆள் சம்பளம் மிச்சம். இப்போ மாமா ஒரு ஹார்டுவேர் கடையில் பில் போடுகிறார்.

"எனக்குக் கத்துக் குடுங்க" என்றேன். உடனே கிட்டாரைக் கொடுக்கவில்லை. ஹெட்போனைக் காதில் மாட்டி, 'பகலில் ஓர் இரவு' (1979) படத்தில் எஸ்.பி.பி. பாடிய பாட்டைப் போட்டார். "பாடுறவரை விடு. அடியில ஒண்ணு ஓடுது பாரு, அதைக் கேளு." எத்தனையோ தடவை கேட்ட பாட்டு. அன்றைக்குத்தான் அதற்குள் இன்னொரு பாட்டு ஓடுவது தெரிந்தது. இளையராஜாவுக்குப் பல வருஷம் பேஸ் வாசித்த சசிதரன் பேரைச் சொல்லும்போது மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார். ரகுமானுக்கு வாசித்த கீத் பீட்டர்ஸ் பேரையும் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

ஒரு மாசம் விரலில் கொப்புளம். பிறகு நான் வாசித்ததைப் போனில் பதிவு செய்து போட்டுப் பார்த்தேன். 'டக் டக்' என்று விரல் சத்தம் மட்டும்தான் வந்தது! விஷயம் இதுதான்: பேஸின் தடித்த கம்பி நொடிக்குச் சுமார் 41 தடவை அதிர்கிறது. சாதாரண கிட்டாரில் அதுவே 82. போனில் இருக்கும் குட்டி ஸ்பீக்கரால் 200, 300-க்குக் கீழே ஒழுங்காகச் சத்தம் எழுப்பவே முடியாது. ஜூன் 21-ல் நம்ம ஊரில் நடக்கும் இசைத் திருவிழாவில் (பிரான்சில் 1982-ல் ஆரம்பித்தது) பெரிய ஸ்பீக்கர் முன்னால் நின்றவர்களுக்கு நான் சொல்வது நெஞ்சிலேயே தெரியும்.

இன்னொரு கூத்து. எங்க ரூம் பத்தடி. அதில் பழைய ஆம்ப்பை வைத்து வாசித்தால் இரண்டாவது தடித்த கம்பிக்கு மட்டும் பீரோ கதவு 'கடகட' என்று ஆடும். பேய் என்றாள் பாட்டி. இயற்பியல் சார் நடத்திய நிலை அலைகளை வைத்துக் கணக்குப் போட்டேன். பத்தடிச் சுவருக்கு நடுவில் நிற்கும் அலை நொடிக்குச் சுமார் 56. அந்தக் கம்பி 55. பேய் இல்லை பாட்டி, பாடம்!

இப்போ முக்கியமான கதைக்கு வருகிறேன். ஆண்டு விழா நடனத்துக்குத் தமிழ் ஐயா எழுதிய பாட்டை நாங்களே ரெக்கார்டு செய்வதாக ஒத்துக்கொண்டோம். சர்ச் கொயர் அண்ணா ஒருவர் ஆடியோ இன்டர்ஃபேஸ் கடன் கொடுத்தார். அது இருந்தால் கிட்டார் ஒயரை நேராகக் கம்ப்யூட்டரில் செருகலாம். தெரு நாய் குரைத்தாலும் பதியாது. ஆனால் என் பேஸ் தாளத்தில் நிற்கவே இல்லை. திங்கட்கிழமை பாட்டைக் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை நண்பன் வந்தான். "எதுக்குடா இவ்வளவு கஷ்டம்? கம்ப்யூட்டர்லயே பேஸ் இருக்கு" என்று இலவச மென்பொருள் ஒன்றைப் போட்டான். எலியால் கட்டங்களைத் தட்டினான். பத்தே நிமிஷம்! ஒரு பிசிறு இல்லை. எனக்கும் சந்தோஷம்தான்.

மாமா கடையிலிருந்து வந்து கேட்டார். "யாரு வாசிச்சது?"

"கம்ப்யூட்டர் மாமா."

அவர் ஒன்றும் சொல்லாமல் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. சமாதானம் சொல்லத் தொடங்கினேன். "1986-ல 'புன்னகை மன்னன்'லயே இளையராஜா கம்ப்யூட்டரைப் பயன்படுத்திட்டாரு மாமா. ரகுமான் 'ரோஜா'வை வீட்டுப் பின்னாடி கட்டின ஸ்டுடியோவிலதான் போட்டாரு. அதுவுமில்லாம இதுக்குள்ளயும் நிஜ ஆளு இருக்காரு. ஒவ்வொரு சுரத்தையும் மெதுவா, பலமா, பல தடவை வாசிக்க வச்சுப் பதிவு பண்ணியிருக்காங்க. நாம கட்டத்தைத் தட்டினா அவரு வாசிச்சதுதான் வருது."

மாமா யோசித்தார். "அப்படியா? அந்த ஆளுக்கு எவ்வளவு குடுத்தாங்களாம்?"

என்னிடம் பதில் இல்லை.

அன்றைக்கு ராத்திரி அவரையே வாசிக்கச் சொன்னேன். முதலில் மறுத்தார். பிறகு புதுக் கம்பி கேட்டார். (கம்பி விலை தெரியுமா? என் ரெண்டு மாசப் பாக்கெட் மணி போச்சு.) ஞாயிறு மதியம் உட்கார்ந்தார். வாசித்ததைத் திரையில் பார்த்தால் ஒவ்வொரு சுரமும் டிரம் அடிக்குக் கொஞ்சம் பிந்தி விழுகிறது. ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு இருக்கும். கம்ப்யூட்டரின் தாமதம் என்று நினைத்தேன். அது அப்போது 1024 சாம்பிளில் இருந்தது. அப்படியென்றால் உள்ளே போக 23 மில்லி நொடி, வெளியே வர 23. 128-க்குக் குறைத்தேன். தாமதம் 3, 3 ஆனது. மறுபடி வாசிக்கச் சொன்னேன். அப்பவும் அதே ஐம்பதில் ஒரு பங்கு!

சரி, மாமாவுக்குப் பழக்கம் விட்டுப்போச்சு என்று நினைத்து, அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் பட்டனைத் தட்டி எல்லாச் சுரத்தையும் டிரம்மோடு நேராக்கினேன். பிறகு போட்டுக் கேட்டேன். பாட்டு விறைத்துப் போயிருந்தது, புது யூனிபார்ம் மாதிரி. பழையபடி மாற்றினேன். மறுபடி ஆட ஆரம்பித்தது. டீ டம்ளரோடு வந்த மாமாவிடம் கேட்டேன், வேணும்னேதான் பிந்தி வாசிச்சீங்களா என்று.

"டிரம்காரன் முன்னாடி நடப்பான். நான் அவன் தோள்ல கையைப் போட்டுக்கிட்டுப் போவேன். அவ்வளவுதான்" என்றார்.

திங்கட்கிழமை மாமா வாசித்ததைத்தான் கொடுத்தோம். நண்பனுக்குக் கோபம், அவன் போட்டதை எடுத்துவிட்டேன் என்று. இரண்டாவது சரணத்தில் ஓர் இடத்தில் மாமா தப்பாகத் தொட்டிருக்கிறார். திருத்தட்டுமா என்றதற்கு "இருக்கட்டும்" என்றார். யாரும் கண்டுபிடிக்கவில்லை. இசை டீச்சர் மட்டும் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்.

விழா அன்று மாமா சீக்கிரமே கடையிலிருந்து கிளம்பி வந்து, நாற்காலி இருந்தும் கடைசியில் ஸ்பீக்கர் பக்கமாகவே நின்றார். எல்லாரும் போனில் எடுத்த நடன வீடியோ நம்ம வகுப்பு குரூப்பில் சுற்றுகிறது. அதில் மாமா வாசித்தது ஒரு துளிகூடக் கேட்காது. முழுப் பாட்டு என் பென்டிரைவில் இருக்கிறது. மதிய இடைவேளையில் வாங்க, ஆனால் ஹெட்போன் நீங்கதான் கொண்டுவரணும்.

— பதினோராம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்