வகுப்பறையின் வாசற்படி

புதிதாகச் சேரும் பிள்ளை, பள்ளியைப் பற்றிய தன் முதற் கருத்தைப் பாடநூலைத் திறக்கும் முன்னரே கொண்டுவிடுகின்றது. வாசலில் யார் நின்றார், என்ன சொல்லி அழைத்தார், எங்கே உட்காரச் சொன்னார் என்பவற்றையே அது வீடு சென்று தாயிடம் கூறும். இஃது எல்லாப் பள்ளிகளுக்கும் பொருந்துமாயினும் தோட்டப் பள்ளிகளுக்குப் பெரிதும் பொருந்தும்.

தோட்டத்தில் வேலை விடியும் முன்பே தொடங்கிவிடுகின்றது. பெரட்டுக்குச் செல்லும் பெற்றோர், மணியடிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே பிள்ளையைப் பள்ளியில் விட்டுச் செல்ல நேரிடுகின்றது. பூட்டிய கதவின் முன், இருளில், பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் ஏழு வயதுக் குழந்தைக்குப் பின்னர் எத்துணை இனிமையாகப் பாடம் நடத்தினாலும் அந்த இருள் அதன் மனத்தை விட்டு அகலாது. ஆகவே எங்கள் பள்ளியில் காவலர் ஆறே கால் மணிக்கே முதலாம் ஆண்டு வகுப்பைத் திறந்து விளக்கைப் போடுகின்றார். ஆறாம் ஆண்டு மாணவர் இருவர் முறைவைத்து வந்து சிறியோரை உள்ளே அழைத்துச் செல்கின்றனர்.

பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்ட நிருவாகம் பள்ளி அமைத்தல் வேண்டுமென 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அவ்வாறு எழுந்த பள்ளிகள் பலவற்றில் ஓர் அறையும் ஓர் ஆசிரியருமே இருந்தனர். 1983இல் புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபோது குழுமுறைக் கற்பித்தல் வலியுறுத்தப்பட்டது. வரிசையாக நின்ற மேசைகள் வட்டமாகக் கூடின. மேசைகளை நகர்த்துவது எளிது.

சுவர் அலங்காரத்தைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். போட்டிக்காக வண்ணத்தாள் ஒட்டப்பெற்ற வகுப்புகள் பலவற்றைக் கண்டிருக்கின்றேன். படங்கள் யாவும் ஆசிரியரின் கண்மட்டத்தில் இருக்கும். பிள்ளைகள் அண்ணாந்து பார்க்கவேண்டும். தான் வரைந்த கோணல் மாணலான வீடு, தன் கைக்கெட்டும் உயரத்தில் ஒட்டப்பட்டிருப்பதைக் கண்ட பிள்ளை மறுநாளும் வந்து அதைத் தொட்டுப் பார்க்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் முதலாம் ஆண்டில் சேர்ந்த சிறுவன் ஒருவன் மூன்று வாரங்கள் வாய் திறக்கவில்லை. முதல் நாள், படமொன்றைக் காட்டி ஆசிரியை பெயர் கேட்க, அவன் 'மங்கு' என்றிருக்கின்றான். பாடநூலில் இருந்ததோ 'கிண்ணம்'. அருகிலுள்ள வீடமைப்புப் பகுதியிலிருந்து வரும் பிள்ளைகள் சிரித்துவிட்டனர். அவ்வளவுதான். மூன்றாம் வார இறுதியில் அவன் தந்தை என்னைக் காண வந்தார். "பள்ளிக்கூடம்னாலே அழுவுறான் சார். வேற பள்ளியில போட்டுடலாம்னு பார்க்கிறேன்" என்றார். மாணவர் தொகை குறைந்த பள்ளியில் ஒரு பிள்ளை விலகுவது எத்தகைய இழப்பு என்பதைத் தலைமையாசிரியர்கள் அறிவர். ஒரு வாரம் பொறுக்குமாறு கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் அவ்வாசிரியை, பால்மரத்தில் கட்டும் பழைய மங்கு ஒன்றைத் தேடிக் கொணர்ந்து மேசைமேல் வைத்தார். "இஃது என்னவென்று தெரிந்தவர் யார்?" என்றார். சிரித்த பிள்ளைகளுள் ஒருவருக்கும் தெரியவில்லை. பின்வரிசையில் ஒரு கை தயங்கித் தயங்கி உயர்ந்தது. தன் பாட்டி பால்மரம் சீவியவர் என்றும், அவர் இன்றும் அத்தகைய மங்கில்தான் கோழிக்குத் தண்ணீர் வைக்கின்றார் என்றும் அவன் நீளப் பேசினான். ஆசிரியை கரும்பலகையில் 'மங்கு' என எழுதி, அருகில் 'கிண்ணம்' என எழுதினார்; மலாய்மொழியின் 'மங்கோக்' என்னும் சொல்லே தோட்டத் தமிழில் மங்கானதையும் விளக்கினார். வீட்டுச் சொல்லை அழிக்காமலே ஏட்டுச் சொல்லைக் கற்பித்த அப்பாடத்தை, பயிற்சிக் கல்லூரியில் நான் படித்த எந்த விரிவுரைக்கும் குறைத்து மதிப்பிடேன். தந்தை மீண்டும் மாற்றம் கேட்டு வரவில்லை. அவன் ஆறாண்டுகளையும் இங்கேயே முடித்தான்.

வரும் ஆண்டில் பிள்ளைகளைச் சேர்க்கவிருக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பதிவு நாளன்று பிள்ளையையும் உடன் அழைத்து வாருங்கள். வீட்டில் அழைக்கும் செல்லப் பெயரையும், அது எதற்கு அஞ்சும் என்பதையும் வகுப்பாசிரியரிடம் கூறுங்கள். கழிவறை எங்குள்ளதென்பதை அன்றே காட்டிவிடுவோம். முதல் வாரத்தில் அழும் பிள்ளைகளுள் சிலர், அதைக் கேட்கக் கூச்சப்பட்டே அழுகின்றனர்.