கைக்கேற்ற பிடி

துவக்கு என்ற சொல்லைக் கேட்டாலே எங்களில் பலருக்கு நெஞ்சு பதறும். ஷெல் வீச்சில் வலது கையின் இரண்டு விரல்களை இழந்த எனக்கும் அப்படித்தான். ஆனாலும் விளையாட்டுப் போட்டிகளில் இலக்குச் சுடும் பிஸ்டலைப் பற்றி அறிந்தபோது, என் மனம் அதன் மரப்பிடியில்தான் நின்றது.

10 மீற்றர் எயார் பிஸ்டல் போட்டியில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு வெறும் 11.5 மில்லிமீற்றர். பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் உள்ள இரண்டு குறிகளையும் நேராக வைத்தே சுட வேண்டும். அவற்றின் இடைத்தூரம் 30 சென்ரிமீற்றர் என்றால், ஒரு மில்லிமீற்றர் பிசகினாலே இலக்கில் 33 மில்லிமீற்றர் விலகிவிடும். அதனால் பிடியை அரத்தால் ராவியும் பசை அப்பியும் சுடுபவரின் உள்ளங்கைக்குப் பொருத்துகிறார்கள். விசை கனமாக இருந்தால் இழுக்கும் விரலே முனையை அசைத்துவிடும். ஆகவே அதையும் இலகுவாக்குகிறார்கள்; ஆனால் 500 கிராமுக்குக் குறையக் கூடாது என்பது விதி.

ஹங்கேரி நாட்டுப் படைவீரர் காரோலி தகாச்சின் வலது கையை 1938இல் கைக்குண்டு சிதைத்தது. அவர் இடது கையால் சுடப் பழகி, 1948, 1952 ஒலிம்பிக் போட்டிகள் இரண்டிலும் துரித பிஸ்டல் சுடுதலில் தங்கம் வென்றார்.

என் கத்தரிக்கோலின் பிடிக்கு நான் துணி சுற்றியிருக்கிறேன். இப்போது வெட்டு கோணுவதில்லை, கையும் உளைவதில்லை. சகோதரிகளே, உங்கள் மண்வெட்டியோ கத்தியோ கைக்குச் சரிவராவிட்டால், தச்சரிடம் கையைக் காட்டிப் பிடியை மாற்றித் தரச் சொல்லுங்கள்.